சாயங்காலம் வந்து கண்டுபிடிக்கிறேன்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாருங்கள், கண்ணுகளா. காலை நீட்டிக்கொள்ள இடமிருக்கிறது. மடியில் தூங்குகிற பிள்ளையை எழுப்ப வேண்டாம், தூக்கத்திலேயே கேட்கட்டும். ஒரு சோபாக்காரர் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். இதில் பொய் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது என்னுடையது இல்லை, அவருடையது. அது வரும்போது நானே காட்டுகிறேன்.

சோபாக்காரரின் மகள் கண்ணைப் பொத்திக்கொண்டால் யார் கண்ணுக்கும் தெரியமாட்டாள். பேச்சு தெளியாத வயதில் எல்லாப் பிள்ளைகளும் அப்படித்தான் நம்புகின்றன. தன் கண்ணை மூடினால் உலகத்துக்கே தான் தெரியவில்லை என்று நடு வீட்டில் நின்றுகொண்டு சிரிக்கின்றன. இந்தப் பிள்ளை விஷயத்தில் அந்த நம்பிக்கை உண்மையாக இருந்தது, வேறொன்றுமில்லை. இரண்டு உள்ளங்கையும் கண்ணில் பட்டதும் தலைமுடி, கவுன், கொலுசு எல்லாம் சேர்ந்து மறையும். ஒரு கையை மட்டும் எடுத்தால் அந்தப் பக்கத்துப் பாதி முகம் மட்டும் தெரியும். தட்டில் பிஸ்கட் வைத்தால் போதும், ஒரு கன்னமும் பாதி வாயும் ஒரு கையும் காற்றிலிருந்து வந்து பிஸ்கட்டை எடுத்துக்கொண்டு திரும்பப் போகும். பிஸ்கட் இருக்கும் இடத்தில் அவள் இருப்பாள் என்பதால் கட்டெறும்பு என்று கூப்பிட்டார்கள். "கட்டெறும்பு எங்கே?" என்று கேட்டால், ஆளில்லாத இடத்திலிருந்து, "எறும்பு இல்ல. எறும்பு கடைக்குப் போயிருக்கு" என்று பதில் வரும். தடுப்பூசி போட வந்த நர்சம்மா முதல் தடவை திகைத்தாள். இரண்டாம் தடவை வரும்போது, தொடை எங்கே இருக்கும் என்று கவுனைத் தடவிப் பார்த்துப் போட்டுவிட்டு, அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள்.

சோபாக்காரருக்கு வீட்டின் முன்னறைதான் பட்டறை. ஊராருடைய பழைய சோபாக்களின் தோலை உரித்து, அமுங்கிப்போன நுரைப்பஞ்சை எடுத்தெறிந்து, புதுப் பஞ்சு வைத்து, துணியை இழுத்துக் குட்டி ஆணிகளால் அடிப்பார். ஆணிகளை வாயில் அடக்கிக்கொண்டு ஒவ்வொன்றாக உதட்டுக்குத் தள்ளி எடுப்பது அவர் வழக்கம். அதனால் பாதி நாள் அவர் பேசுவதில்லை. அவர் மனைவி பிஸ்கட் கம்பெனியில் பொட்டலம் ஒட்டுகிறவள். உடைந்த பிஸ்கட்டைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுவருவாள். வீட்டுக்குள் நுழைந்ததும் சொந்த சோபாவின் இடது மூலையில் காலை மடக்கிக்கொண்டு உட்காருவாள். அந்த மூலை அவள் அளவுக்கு அமுங்கிப் போயிருந்தது. "ஊர்ல இருக்கிற பள்ளத்தையெல்லாம் நிமித்துறீங்க, இதுக்கு ஒரு கை பஞ்சு வைக்க மாட்டீங்களா?" என்று கேட்பாள். அவர் வாயில் ஆணி இருப்பதைக் காட்டுவார். "அது ஒண்ணு இருக்கு உங்களுக்கு, பொல்லாத ஆணி" என்பாள்.

கண்ணாமூச்சி அம்மாவுக்கும் மகளுக்கும் மட்டுமான ஆட்டம். தேடுகிறவள் தேடிக் களைத்து, "தோத்துட்டேன், வெளிய வா" என்று சொன்னால்தான் பிள்ளை கையை எடுக்கும். ஒருநாள் அம்மா அடுக்களையில் வேலையாக இருந்தபோது சோபாக்காரர் அவளுக்குப் பதிலாகச் சொல்லிப் பார்த்தார். "நீ இல்ல. அம்மா தோக்கணும்" என்று மேசைக்கடியிலிருந்து கறாராகப் பதில் வந்தது.

இன்னொரு நாள் காலையும் பிள்ளை ஒளிந்துகொண்டது. அம்மா வேலைக்குப் போகக்கூடாது என்பதற்காக அது தினமும் செய்கிற தந்திரம்தான். கம்பெனி வண்டி தெருமுனையில் ஹாரன் அடித்துவிட்டது. தினமும் தோற்றுவிட்டுப் போகிறவள் அன்றைக்குத் தோற்க நேரமில்லாமல், ஒரு காலில் செருப்பும் மறுகாலில் அவசரமுமாக வாசலில் நின்று, "எறும்பு, சாயங்காலம் வந்து கண்டுபிடிக்கிறேன், அதுவரைக்கும் ஒளிஞ்சே இரு" என்று சொல்லிவிட்டு ஓடினாள். காற்று கிளுக்கென்று சிரித்தது. மத்தியானம், ஒட்டும் மேசையின் முன் நின்றபடியே அவள் இதயம் நின்றுவிட்டது. கையிலிருந்த பொட்டலத்தை மட்டும் ஒட்டி முடித்திருந்தாள் என்று உடன் வேலை செய்தவர்கள் சொன்னார்கள்.

அவளை வீட்டுக்குக் கொண்டுவந்து நடு அறையில் கிடத்தியபோது சாயங்காலம்தான். சொன்ன நேரத்துக்கு வந்துவிட்டாள். பிள்ளையின் கை கண்ணிலேயே இருந்ததால் பிள்ளை அவளைப் பார்க்கவில்லை, யாரும் பிள்ளையைப் பார்க்கவில்லை. காலடிச் சத்தம் மட்டும் பெஞ்சுக்கு அடியில் போயிற்று. கூட்டத்தில் யாரோ, "ஐயோ, புள்ளை எங்கே?" என்று அழுதபோது, "எறும்பு இல்ல" என்று பெஞ்சுக்கடியிலிருந்து ஒரு குரல் வந்தது. அறையே விம்மியது. அந்த விம்மலை வேறு மாதிரி எடுத்துக்கொண்ட பிள்ளை, அப்பாவின் கால்சட்டையைப் பிடித்து இழுத்து, மெதுவாகக் கேட்டது.

"அப்பா, இத்தனை பேரும் தேட வந்திருக்காங்களா?"

"ஆமாடா."

"அம்மா?"

மூன்றடி தூரத்தில் அவள் படுத்திருந்தாள். சோபாக்காரர் அவளைப் பார்த்துக்கொண்டே, "அம்மா வெளிய தேடிட்டு இருக்கா" என்றார்.

முதலிலேயே சொன்னேனே, அவருடைய அந்தப் பொய் இதுதான், கண்ணுகளா. அந்த நேரத்தில் நீங்களாக இருந்தாலும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். ஆனால் அம்மா தேடிக்கொண்டிருக்கும்வரை ஒளிந்திருக்க வேண்டும் என்பது ஆட்டத்தின் சட்டம். பிள்ளை சட்டத்தை மீறவில்லை. இரண்டு கையும் கண்ணில் இருந்தால் வாழ முடியாது என்று, ஒரு கையை மடக்கி முழங்கைக்குள் இரண்டு கண்ணையும் புதைத்துக்கொள்ளக் கற்றுக்கொண்டது. மறு கையால் சாப்பிட்டது, மறு கையால் சுவரைத் தடவி நடந்தது, தூங்கும்போது குப்புறப்படுத்து முகத்தைத் தலையணைக்குள் அமுக்கிக்கொண்டது. குளிப்பாட்டக் கழற்றிய கவுன் மட்டும் கழற்றிய கணத்தில் கண்ணுக்குத் தெரியும். அவர் அதைத் துவைத்து, காயவைத்து, மறுபடி காற்றுக்கு மாட்டிவிடுவார்.

கண் தெரியாமல் நடக்கிற பிள்ளை மோதிக்கொள்ளும் என்று, மேசைக் காலில், கதவு விளிம்பில், ஜன்னல் கட்டையில், அலமாரி மூலையில் எல்லாம் அவர் நுரைப்பஞ்சு வைத்துத் துணியிழுத்து ஆணியடித்தார். மிஞ்சிய துணி எதுவோ அது. ஒரு மூலை சிவப்பு, ஒரு மூலை புலித்தோல் மாதிரி. கொஞ்ச நாளில் அந்த வீட்டில் இடித்துக்கொள்ள ஒரு கூர்மையும் மிஞ்சவில்லை. யார் கண்ணுக்கும் தெரியாத பிள்ளைக்கு வயதும் ஏறவில்லை. அதே கவுன் சரியாக இருந்தது, அதே செருப்பு சரியாக இருந்தது, அதே மழலை.

தினமும் சாயங்காலம் கம்பெனி வண்டியின் ஹாரன் கேட்டதும் அவர் மடியில் ஒரு கனம் வந்து உட்காரும். "இன்னிக்கு அம்மா எங்க தேடிச்சு?" என்று கேட்கும். அவர் ஆணிகளைக் கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு சொல்வார். இன்றைக்குப் பிஸ்கட் டின் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். இன்றைக்குப் பஸ்ஸில் எல்லாருடைய பையையும் காட்டச் சொன்னாள், ஒரு தாத்தா தர மாட்டேன் என்று சண்டை போட்டார். இன்றைக்குக் கடற்கரைக்குப் போய் அலையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தாள். "அலைக்கு அடியில நான் எப்படி இருப்பேன்? நனைஞ்சுடுவேன்ல" என்று காற்று வயிறு குலுங்கச் சிரிக்கும். அந்தச் சிரிப்பில் கன்னத்தில் குழி விழுமே, அதைப் பார்க்க வேண்டுமென்று அவருக்கு நெஞ்சு வலித்தது. மனைவி போன துக்கத்தைக்கூட அவர் ஓரமாக வைத்திருந்தார். மகளின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மறந்துகொண்டு வந்ததுதான் அவரைத் தின்றது. மூக்கு நினைவிருந்தது. புருவம் போய்விட்டது.

எதிர்வீட்டில் இருந்த பெரியம்மா, செத்தவளின் அக்கா, பொறுக்கிறவரை பொறுத்தாள். ஒருநாள் காற்றைத் துழாவிப் பிள்ளையின் கையைப் பிடித்து இழுக்கப் போனாள். "ஏமாத்து! ஏமாத்து! அம்மாதான் தேடணும்" என்று வீடே அதிர அழுத பிள்ளை, அதற்கப்புறம் சாப்பாட்டைத் தொடவில்லை, அவர் கெஞ்சிக் கூத்தாடித்தான் வழிக்கு வந்தது. பெரியம்மா வாசலில் நின்று பொரிந்தாள்.

"தம்பி, மேசைக்குப் பஞ்சு வெச்சீங்க, கதவுக்குப் பஞ்சு வெச்சீங்க, சரி. புள்ளைகிட்ட பேசுற வார்த்தைக்கும் பஞ்சு வெச்சா எப்படி?"

"சின்னப் புள்ளைதானேக்கா."

"அதான் சொல்றேன். சின்னப் புள்ளையாவே இருக்கு பாருங்க."

அவள் மகன் கட்டெறும்புக்குப் பிறகு பிறந்தவன். அவன் அப்போது முதுகை மறைக்கும் பையை மாட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் கிளம்பிக்கொண்டிருந்தான். சோபாக்காரர் அவனையே பார்த்தார். வாயில் ஆணி இருந்தது.

இப்படியே வருஷங்கள் போயின. தேடுகிற இடங்கள் தீர்ந்துகொண்டே வந்தன. ஒரு மழைக்கால சாயங்காலம் ஹாரன் கேட்டது, மடியில் கனம் வந்தது, ஆனால் வழக்கமான கேள்வி வரவில்லை. வேறொன்று வந்தது.

"அப்பா, அம்மாவுக்குத் தேடவே தெரியல. கால் வலிக்கும். பாவம். நானே தோத்துடட்டா?"

சோபாக்காரர் வாயிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து டப்பா மூடியில் வைத்தார். கடைசி ஆணி கீழே வைக்கப்பட்டதும் அவருக்குச் சாக்கு ஒன்றும் மிஞ்சவில்லை.

"அம்மா தேடலடா தங்கம்."

"ஏன்?"

"அம்மாவும் கண்ணை மூடிட்டா."

"கையாலயா?"

"இல்லடா. சும்மாவே."

"எப்போ?"

"நீ ஒளிஞ்ச அன்னிக்கே."

மடி அசையவில்லை. "அப்ப யாரு தேடுறது?"

"யாரும் தேடல. அப்பாதான் பொய் சொன்னேன்."

பிறகு பிள்ளை, ஆட்டத்தில் நியாயம் பேசுகிற குரலில், "அப்ப அம்மாதான் ஒளிஞ்சிருக்கு. நாமதான் தோத்துட்டோம்னு சொல்லணும்" என்றது. அவர் சுண்டுவிரலைப் பிடித்து வாசலுக்கு இழுத்துப் போயிற்று. தெருவைப் பார்த்து, "அம்மா, தோத்துட்டோம், வெளிய வா" என்று கத்தியது. அவரும் சொன்னார். பாதியில் குரல் நின்றது.

"சத்தமாச் சொல்லுப்பா. அம்மாவுக்குக் கேக்காது."

சத்தமாகச் சொன்னார். மறுபடியும் சொன்னார்கள், சேர்ந்து சொன்னார்கள். கம்பெனி வண்டியிலிருந்து இறங்கிய பெண்கள் குடையைப் பிடித்தபடி நின்று கேட்டார்கள், தலையைக் குனிந்துகொண்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். எதிர்வீட்டு வாசலில் பெரியம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு நின்றாள். தெரு காலியாயிற்று. விளக்குகள் எரிந்தன. யாரும் வெளியே வரவில்லை.

அப்போது அவர் சுண்டுவிரலுக்குப் பக்கத்தில் முதலில் ஒரு முழங்கை தெரிந்தது. பிறகு கவுனின் கை, பிறகு கொலுசு. பிள்ளை மடக்கிய கையை மெதுவாக இறக்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருஷம் வெயில் படாத கண் பக்கம் ஒரு பட்டை வெளுத்திருந்தது. வெளிச்சத்துக்குக் கண் கூசியது. புருவம் அவருடைய அம்மாவினுடையதோ என்று இத்தனை நாள் குழம்பியிருந்தார். இல்லை, செத்தவளின் புருவமேதான். அவர் மண்டியிட்டு அந்த முகத்தை இரண்டு கையிலும் ஏந்தி, "கண்டுபிடிச்சிட்டேன், கண்டுபிடிச்சிட்டேன்" என்றார்.

"நீ கண்டுபிடிக்கல. நானே வந்தேன்" என்று சொல்லிவிட்டு, அதன் பிறகுதான் பிள்ளை அழ ஆரம்பித்தது.

அந்த மழை விடுவதற்குள் கவுன் சிறுத்துவிட்டது. மாட்டிய செருப்பு மறுவாரம் காலை இறுக்கிப் பிடித்தது. விட்டுப்போன வயதையெல்லாம் ஒரே மழைக்காலத்தில் வளர்ந்து முடித்து, பெரியம்மாவின் மகனைவிட ஒரு சாண் உயரமாக, அவனோடு பள்ளிக்கூடம் போனாள். வகுப்பில் யாரும் ஒன்றும் கேட்கவில்லை; வயது சரிதானா என்று பல்லைத்தான் எண்ணிப் பார்த்தார்கள், சரியாக இருந்தது. அதற்கப்புறம் அவள் கண்ணைப் பொத்தினால், பொத்திய ஒரு பெண்தான் தெரிந்தாள். அப்பாவின் பட்டறையிலேயே வேலை கற்றுக்கொண்டாள். ஆணியை வாயில் வைக்க மட்டும் மாட்டேன் என்றுவிட்டாள்.

முதல் வேலையாகச் சொந்த சோபாவின் இடது மூலைக்குப் புதுப் பஞ்சு வைத்தாள். பெட்டியிலிருந்து எடுத்த, கல்லு மாதிரி கெட்டியான பஞ்சு. சாயங்காலம் ஹாரன் அடித்தது. மூலை மெதுவாக அமுங்கியது, காலை மடக்கி உட்கார்ந்த ஓர் ஆள் அளவுக்கு. பிரித்து வேறு பஞ்சு வைத்தாள், அதுவும் அமுங்கியது. சோபாக்காரர் அவள் கையிலிருந்த சுத்தியலை வாங்கிக் கீழே வைத்தார். அதன்பின் அப்பாவும் மகளும் அந்தப் பள்ளத்தைத் தொடவில்லை. அவர் வயதாகிக் கைநடுக்கம் வந்த பிறகும், அவள் பேரில் பட்டறை ஓடிய பிறகும், அந்த மூலை அப்படியேதான் இருந்தது. சோபாவுக்குத் துணி பார்க்க வருகிறவர்கள் தெரியாமல் அங்கே உட்காரப் போனால், மீட்டர் என்ன விலை என்று சொல்கிற அதே குரலில் அவள் சொல்வாள்:

"கொஞ்சம் இந்தப் பக்கம் உக்காருங்க. அங்க ஆள் இருக்கு."

அவர்களும் நகர்ந்து உட்கார்ந்துகொள்வார்கள்.

போய் வாருங்கள், கண்ணுகளா. உங்கள் வீட்டில் ஒளிகிற பிள்ளைகள் விளக்கு வைப்பதற்குள் அகப்படட்டும். காலையில் வாசல் தாண்டுகிறவர்கள் தோற்றுவிட்டே கிளம்பட்டும், சாயங்காலம் சொன்னபடி வந்து சேரட்டும். உங்கள் சோபாவின் எல்லா மூலையிலும் கண்ணுக்குத் தெரிகிற மனிதர்கள் நெடுங்காலம் உட்கார்ந்திருக்கட்டும்.