அழிக்க வேண்டிய குரல்

சாவு, கல்லறை, சாபம். இவற்றை விட்டால் வேறு பேச்சே இல்லாத, கோதிக் மெட்டல் என்கிற முரட்டு ராக் வகை ஆல்பம் அது. பாட்டெல்லாம் எழுதியவன் அண்ணன்காரன். இருட்டைப் பற்றி அவ்வளவு எழுதியவனுக்கு, நிஜமாக ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தங்கைக்குத் தொண்டையில் கட்டி. எடுத்துவிட்டார்கள், உயிருக்கு ஒன்றுமில்லை. உச்சஸ்தாயியில் போய் நின்று பாடுவாளே, அந்தக் குரல்தான் கட்டியோடு போய்விட்டது.

அந்த இசைக்குழுவில் இரண்டு குரல்கள். கீழே உறுமுகிறவன் கரடி. பெயர்தான் கரடி, கரப்பான்பூச்சியைக் கண்டால் நாற்காலி மேல் ஏறிவிடுவான். மேலே பாடுகிறவள் தங்கை. ஜனங்கள் கேட்டது அவளுக்காகத்தான், சும்மா சொல்லக் கூடாது.

ஆல்பத்தில் கடைசிப் பாட்டு மட்டும் பாக்கி. ஆபரேஷனுக்கு முன்பே அதற்கு அவள் டிராக் பாடி வைத்திருந்தாள். மற்றவர்கள் வாசிக்கத் துணையாக அரைகுறையாகப் பாடி வைப்பது அது. பிறகு ஒழுங்காகப் பாடிவிட்டு அழித்துவிடுவார்கள். அண்ணன்காரன் அழிக்கவில்லை. ராப்பகலாக உட்கார்ந்து, இருமலை வெட்டி, பிசிறை ஒட்டி, அதை வைத்தே பாட்டை முடித்துவிட்டான். அவளை ஒரு வார்த்தை கேட்டானா? கேட்கவில்லை. புண்ணான தொண்டையைப் பாடச் சொல்ல மனசு வரவில்லை என்று கரடியிடம் சொன்னான். சுத்தப் பொய். உடைந்த குரலைக் கேட்க அவனுக்குத்தான் பயம்.

அவளை ஸ்டூடியோவுக்கு வரவழைத்துப் பாட்டைப் போட்டுக் காட்டினான். முடியும்வரை கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. யாருண்ணே பாடுறது?"

"என்னம்மா இது, நீதான்!"

"நான் இங்க குத்துக்கல்லாட்டம் உட்கார்ந்திருக்கேன். அதுக்குள்ள என்னைப் புதைச்சுட்டியா?"

மூலையில் உட்கார்ந்திருந்த கரடி தன் வெந்நீர் டம்ளரைக் கீழே வைத்தான்.

"ஒரே ஒரு தடவை பாடுறேன். கேவலமா இருந்தா, பழசையே வச்சுக்க" என்று எழுந்தாள் தங்கை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போய் ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். உச்சத்துக்கு ஏற வேண்டிய இடத்தில் அவள் ஏறவில்லை, கீழேயே நின்றாள். குரல் கரகரத்தது. ஒரு வரியில் வெறும் காற்றுதான் வந்தது. அவள் விடவில்லை, அடுத்த வரியைப் பிடித்தாள். 'மண்ணே, மெதுவாக மூடு' என்ற வரி வந்தது. அழகாக இருக்கிறது என்றுதான் அண்ணன்காரன் அதை எழுதினான். இத்தனை பயத்தையும் இவள் தனியாகவா வைத்துக்கொண்டிருந்தாள், பக்கத்தில் உட்கார்ந்து ஒருநாள்கூடக் கேட்காமல் போனேனே என்று இப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"இத்தனை வருஷம் நான் தண்டமா தொண்டையைக் கிழிச்சிருக்கேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டான் கரடி.

"எப்படிண்ணே இருக்கு?" மைக்கில் தங்கை கேட்டாள்.

"பழைய மாதிரி இல்ல."

"அது எனக்குத் தெரியாதா? நல்லா இருக்கா?"

"பயமா இருக்கும்மா. ஆனா இதுதான் வேணும்."

அவள் வெளியே வந்ததும், பழைய டிராக்கை அவள் எதிரிலேயே அழித்தான். கடைசியில் ஒரு துண்டு மட்டும் மிஞ்சியது. அதை ஓடவிட்டுக் கேட்டான். டிராக் பாடிய அன்றைக்கு, பாட்டு முடிந்தபின் அவள் பேசியது, மணி மாதிரி பழைய குரலில்: "போதும்ணே, பசிக்குது, கிளம்பலாம்."

அவன் மவுஸிலிருந்து கையை எடுத்தான். "இதை மட்டும் வச்சுக்கிறேனே."

"எதுக்கு? அதைத்தான் தினம் சொல்றேனே."

அழித்தான்.

"போதும்ணே, பசிக்குது, கிளம்பலாம்" என்றாள், கரகரத்த குரலில்.

அவன் எழுந்து சாவியை எடுத்தான்.