பெரியவன் விழிக்காத நாள்

...அறுபத்தெட்டா, கண்ணைக் கசக்கிவிட்டு மறுபடி பார்த்தான், அறுபத்தெட்டேதான், காலையில் அவள் தையல் கடைக்குக் கிளம்பும்போது நூறு, நாள் முழுக்க ஒயரே சொருகவில்லை, சாயங்காலம் ஆகியும் இவ்வளவு சார்ஜ் மிச்சம், அடி சக்கை, போன மாதம் இதே லேப்டாப் ரெண்டு மணி நேரத்தில் நாக்குத் தள்ளிவிடும், மத்தியானத்துக்குள் செத்துக் கிடக்கும், அவளும் வாயடைத்துப்போய் உட்கார்ந்திருப்பாள்... சீ, என்ன வார்த்தை இது, குரல்வளையையே எடுத்துப் போட்ட பிறகு கட்டின பெண்டாட்டியைப் பற்றி மனசுக்குள்கூட இப்படி நினைக்கலாமா. உள் அறையில் அவள் துணி மடிக்கிற சத்தம் கேட்டது. கூப்பிட்டுக் காட்டலாமா, இரு இரு, முதலில் நாம் ஒருதரம் சரிபார்த்துவிடுவோம், லிப்ட் மெக்கானிக் புத்தி அப்படி, வேலை முடிந்தது என்று சொல்வதற்கு முன்னால் தானே ஒருதரம் ஏறி இறங்கிப் பார்க்காவிட்டால் மனசு ஆறாது.

இந்த லேப்டாப் மச்சான் கொடுத்தது, அவள் தம்பி, விளையாட்டுப் பைத்தியம், "மாமா, இது யானை, தீனி போட்டு மாளாது" என்று சிரித்துக்கொண்டேதான் கொடுத்தான், உள்ளே ரெண்டு கிராபிக்ஸ் கார்டு, திரையைக் காட்டுவதற்குச் சாதுவாக ஒன்று, பாரவேலைக்கு முரடாக இன்னொன்று, சின்னவன் பெரியவன் என்று இவனே பெயர் வைத்துக்கொண்டான், அந்தப் பெரியவன்தான் சும்மா இருக்கும்போதும் முழித்துக்கொண்டு பேட்டரியை உறிஞ்சிக்கொண்டிருந்தான். பேச வேண்டியதை அவள் போனிலேயே தட்டலாமே என்று ஊரெல்லாம் கேட்டது, மருந்தில் அவள் விரல் நுனியெல்லாம் மரத்துப்போனது ஊருக்கு எங்கே தெரியும், போனின் குட்டி எழுத்துகள் அவளுக்கு அகப்படுமா, அதோடு அவள் குரல் இந்த மிஷினில்தானே இருக்கிறது, அவள் குரலேதான், பழைய குரல் செய்திகளையெல்லாம் கொடுத்து ஒரு பையன் செய்துகொடுத்தான், லினக்ஸ் என்கிற சிஸ்டத்தில்தான் ஓடும், பெரியவன் எழுந்தால்தான் பேசும். கொடுத்த செய்திகள் என்ன வாழ்ந்தது, ஏங்க எங்க இருக்கீங்க, ஏங்க எத்தனை தடவை கூப்பிடறது, வரும்போது சோப்பு வாங்காம வந்தீங்கன்னா பாருங்க... எல்லாம் திட்டு, அதனால் மிஷின் என்ன சொன்னாலும் திட்டுகிற மாதிரியே இருக்கும், முதல் நாள் அவள் "ரொம்ப சந்தோஷமா இருக்கு" என்று தட்டினாள், அது அவனை வறுத்தெடுக்கிற தொனியில் வந்தது, ரெண்டு பேரும் சிரித்தார்கள், அவள் சத்தமில்லாமல், அவன் சத்தமாக, அப்புறம் அவன் குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதான்.

அந்தக் குரலை நாள் முழுக்க நிற்கவைக்கணும் என்று அவன் பட்ட பாடு கொஞ்சமா, வேலை முடிந்து வந்து முன்பின் தெரியாதவர்களிடமெல்லாம் இணையத்தில் கேட்டுக் கேட்டு, ஒருதரம் பெரியவனை அடியோடு அணைத்துவைத்து அவள் குரலே வராமல் போய்... கடைசியில்தான் வழி பிடிபட்டது, பெரியவன் தூங்கட்டும், அவள் ஒரு வாக்கியம் தட்டினால் மட்டும் எழுந்து பேசிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளட்டும். அதற்கு நடுவில்தான் அந்த ஞாயிற்றுக்கிழமை, மச்சான் வீட்டில் எல்லோரும் சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்திருக்க, கடையில் ஒரு அம்மா தைத்துக் கொடுத்த திரைச்சீலையை மூன்றாம் தடவையாகத் திருப்பிக் கொண்டுவந்த கதையை அவள் தட்டித் தட்டிச் சொன்னாள், எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள், இவன் கண் மட்டும் சார்ஜிலேயே, இருபது, பதினெட்டு, "கொஞ்சம் சுருக்கமா சொல்லும்மா, சார்ஜ் இறங்குது". அதற்கும் எல்லோரும் சிரித்தார்கள். அவளும்தான் சிரித்தாள். கதையை அப்படியே விட்டுவிட்டாள், அந்த அம்மா கடைசியில் என்னதான் செய்தாள் என்று யாரும் கேட்கவில்லை, இவனும் கேட்கவில்லை.

சரி, பார்ப்போம். கறுப்புத் திரையைத் திறந்து கட்டளையைத் தட்டினான், பெரியவன் இப்போது என்ன செய்கிறான், தூக்கம், நல்ல பிள்ளை, காலையிலிருந்து எவ்வளவு நேரம் தூங்கினான், முழுக்க, எவ்வளவு நேரம் விழித்தான்... மிஷினைப் போட்டபோது விழித்த சில நொடிகள். அவ்வளவுதான். தப்பாகத் தட்டிவிட்டோமோ, திரும்பத் தட்டினான், அதே சில நொடிகள். பிரமாதம் என்று அவளைக் கூப்பிட எழுந்தவன் மறுபடி உட்கார்ந்தான். அவள் பேசினால்தானே பெரியவன் எழுவான்... அப்படியென்றால் காலையிலிருந்து... கடையில் அத்தனை பேர் வந்திருப்பார்கள், அளவு கேட்டிருப்பார்கள், துணி கேட்டிருப்பார்கள், ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை இல்லையா, கை காட்டியே சமாளித்தாளா, வீட்டுக்கு வந்த பிறகு இவனே எத்தனை கேட்டான், சாப்பிட்டியா, தலையாட்டினாள், வலி இருக்கா, தலையாட்டினாள், இன்னைக்குப் பரவாயில்லையா, அதற்கும் தலையாட்டினாள், இவனும் ஆட்டின தலையைப் பார்த்துவிட்டு நேரே இந்த மிஷினைத் தூக்கிக்கொண்டு வந்து உட்கார்ந்துவிட்டான். நேற்று எண்பது மிச்சம் இருந்தது என்று மச்சானுக்குப் போன் போட்டுப் பீற்றிக்கொண்டானே, நேற்றும் இப்படித்தானா, முந்தாநாள்? அட பாவி, எதைச் சேமித்தாய் நீ, தூங்க வைத்தது யாரை...

லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான். ஒயரையும் எடுத்துக்கொண்டு போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் சொருகினான், துணிக் குவியலை ஓரமாக நகர்த்திவிட்டு அவள் முன்னால் வைத்தான். அவள் என்ன என்பதுபோல் புருவத்தைத் தூக்கினாள்.

"ஒண்ணுமில்லம்மா. இன்னைக்குக் கடையில என்ன நடந்துச்சுன்னு சொல்லு. நிறையச் சொல்லு, எனக்கு வேற வேலையில்ல."

அவள் அவனையே பார்த்தாள், மடித்த துண்டை மடியிலிருந்து எடுத்துக் கீழே வைத்தாள், விரல்களை ஒன்றோடொன்று தேய்த்துக்கொண்டாள், தட்டப்போகிறாள், தட்டட்டும், எவ்வளவு வேண்டுமானாலும்... குனிந்தவளின் கண் எழுத்துகளுக்குப் போகவில்லை, திரையின் மூலைக்குப் போனது, அறுபத்தெட்டு, அங்கே நின்று கணக்குப் போட்டுவிட்டு, அப்புறம்தான் விரல் இறங்கியது.

"ஒயர் மாட்டியிருக்கும்மா, பாரு, மாட்டித்தான் இருக்கு" என்றான், ஒயரைத் தூக்கிக் காட்டினான்.

அவள் புரிந்ததுபோல் தலையாட்டினாள். மிஷினுக்குள்ளே விசிறி உறுமிக்கொண்டு எழுந்தது. "நல்லா போச்சு" என்று அவள் குரல் அவனைத் திட்டியது, விசிறி அடங்கியது, அவ்வளவுதானா என்று இவன் பார்த்துக்கொண்டே இருக்க அவள் மறுபடியும் அந்த மூலையைத்தான் பார்த்தாள்... இது எப்போதிலிருந்து, எத்தனை நாளாக இவள் எதிரில் இருக்கிற ஆளைப் பார்ப்பதற்கு முன்னால் அந்த எண்ணைப் பார்க்கிறாள், இவன் பக்கத்திலேயேதானே இருந்தான், நாள் தவறாமல் பக்கத்திலேயேதானே உட்கார்ந்திருந்தான், அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டு...