பிரிவதற்கென்றே தைத்த கோட்டு

முப்பது வருஷமாகப் பிரியக் கூடாது என்றே தைத்து வந்தவளிடம் போய், பிரிவதற்கென்றே ஒரு கோட்டுத் தைத்துக் கொடு என்றால் அவள் என்ன சொல்வாள்?

“மறை கிறை கழண்டு போச்சாடா உனக்கு?” என்றாள் தையற்கார அக்கா.

கேட்டவன் அவள் தம்பி. ராக் இசைக்குழுவில் பாடுகிறவன். இருந்த வேலையையும் உதறிவிட்டு, நண்பர்கள் மூவரோடு முதல் பாட்டை வெளியிடப் போகிறான். அதற்கு ஒரு வீடியோ. தெருவில் பின்பக்கமாக நடந்தபடி, பாட்டைக் கடைசி எழுத்திலிருந்து தலைகீழாகப் பாடுவானாம். நடக்க நடக்கக் கோட்டு துண்டு துண்டாக உதிருமாம். படத்தைத் திருப்பி ஓட்டினால் அவன் நேராக நடப்பான், நேராகப் பாடுவான். துண்டுகள் தரையிலிருந்து எழுந்து கோட்டாகும்.

“எல்லாத்தையும் இதுலதான் போட்டிருக்கேன்கா,” என்றான்.

மூட்டை வாயில் போடுகிற சங்கிலித் தையல்தான் அதற்குச் சரி. ஒரு முனையை இழுத்தால் சரசரவென்று கழன்றுவிடும். பத்து நாள் அதே வேலையாக இருந்தாள். தம்பி எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து தலைகீழ்ப் பாட்டை முணுமுணுத்தான். ரவிக்கைத் துணி கொண்டு வந்த அம்மா ஒருத்தி அதைக் கேட்டு மிரண்டு, வாசலோடு திரும்பிவிட்டாள்.

கடைகள் திறக்கும் முன் ஒரு மணி நேரத்துக்குத்தான் தெரு கிடைத்தது. ஒரே தடவைதான் எடுக்க முடியும். நண்பர்கள் மூவரும் கதவுகளுக்குப் பின்னால் நின்று நூல்களை இழுத்தார்கள். காலர் போனது, முதுகு போனது, வலது கை போனது. இடது கை மட்டும் வரவில்லை. டிரம் அடிக்கிற குண்டன் இழுத்த இழுப்பில் நூலே அறுந்தது. தம்பி பாட்டை நிறுத்தாமல் அந்த ஒற்றைக் கையோடே தெருக்கோடி வரை போய்விட்டான்.

ஓரமாக நின்று பார்த்த அக்காவுக்குச் சுரீரென்றது. கடைசியாகத் தைத்த கை அது. பழக்கதோஷத்தில் விரல்கள் தாமாகவே ஒரு முடிச்சுப் போட்டிருக்கின்றன!

“இந்தக் கைய ஒடச்சு அடுப்புல வைக்கணும். உன் பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டேனேடா.”

“விடுக்கா,” என்றான் தம்பி. அவன் முகத்தில் ஈயாடவில்லை.

மூன்றாம் நாள் வீடியோ எடிட்டர் எல்லோரையும் கூப்பிட்டனுப்பினார். அக்கா அவருடைய அறைக் கதவோரமே நின்றுகொண்டாள். திரையில் ஆளில்லாத தெரு. பனியனும் கோட்டின் ஒற்றைக் கையுமாகத் தம்பி பாடிக்கொண்டு வந்தான். தூரத்தில், சாக்கடையோரம் கிடந்த சிவப்புக் கோட்டுத் துண்டு ஒன்று தலைதூக்கியது. வாசல் வாசலாக நூல்கள் நெளிந்து வந்தன. எல்லாம் அந்த ஒற்றைக் கையை மோப்பம் பிடித்தது போல் பறந்து வந்து அவன் மேல் அமர்ந்தன.

“ஒரு கை முன்னாடியே இருக்கு, அதத் தேடித்தான் மத்ததெல்லாம் வருது!” என்றார் எடிட்டர். “யாரு யோசனைங்க இது?”

“எங்க அக்காவோடது,” என்றான் தம்பி.

“எங்ககிட்ட மூச்சு விடலையே, பலே ஆளுக்கா நீங்க!” என்றான் குண்டன்.

எதுவும் அவள் காதில் விழவில்லை. எப்போது நாற்காலியில் உட்கார்ந்தாள் என்பதும் தெரியாது. பத்து நாள் குனிந்து போட்ட தையல் ஒவ்வொன்றும், ஊசியில்லாமல், அவளில்லாமல், தானே தன்னைப் போட்டுக்கொண்டு போவதை, கைகளை மடியில் வைத்தபடி பார்த்துக்கொண்டிருந்தாள்.