அசையாத இருபத்திரண்டு

வெளியே வெயில் முப்பத்தொன்பது டிகிரி. இன்ஜினுக்குள் போகும் காற்று இருபத்திரண்டு என்று என் மடிக்கணினி சொன்னது. பத்து நிமிடமாக அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தது. டர்போ நசுக்கி அனுப்பும் காற்று கொதிக்கும். இன்டர்கூலர் எவ்வளவு பெரிதாக இருந்தாலும் அதை வெளிக்காற்றைவிடக் குளிர வைக்காது. இது தெரிய எங்கள் வம்சத்தில் முதல் ஆளாக நான் இன்ஜினியரிங் முடித்திருக்க வேண்டியதில்லை. அடுப்பூதத் தெரிந்தால் போதும்.

கிர்கிஸ்தானின் பிஷ்கெக் நகருக்கு வெளியே, கைவிடப்பட்ட விமான ஓடுதளத்தில் ஞாயிற்றுக்கிழமைப் பந்தயம். காரின் சொந்தக்காரன் எமில்பெக்கும், ஒர்க்‌ஷாப் முதலாளி குபாத்தும் மர நிழலில் இறைச்சி தின்றுகொண்டிருந்தார்கள். நான் பானட்டைத் திறந்தேன். காற்றின் சூட்டை அளக்கும் சென்சாரின் வயர் கழற்றிவிடப்பட்டிருந்தது. அது போகவேண்டிய இடத்தில் அரிசி அளவு ரெசிஸ்டர் ஒன்று, கறுப்பு டேப் சுற்றி. காற்று எப்போதும் குளிர்ச்சிதான் என்று காரின் கம்ப்யூட்டரை நம்பவைக்கும் பொய். நம்பினால் அது முழு பலத்தையும் கொடுக்கும். பிஸ்டன் உடையும்வரை கொடுக்கும்.

பிடுங்கிப் பையில் போட்டேன். சென்சாரை மாட்டினேன். அறுபத்துநான்கு. வரிசையில் நின்று கோட்டுக்கு வந்தபோது எழுபத்தொன்று. ஓட்ட எமில்பெக்கை விட்டு நான் இறங்கிக்கொண்டேன். சூட்டைப் பார்த்த கம்ப்யூட்டர் பலத்தைக் குறைத்தது. போட்டிக்கு வந்த அல்மாட்டிக்காரன் இரண்டு கார் நீளம் முன்னால் போனான்.

எமில்பெக் கதவை அறைந்து இறங்கினான். மாவு பிசைய வேண்டிய கையை இன்ஜினில் விட்டால் இப்படித்தான் என்று ஊருக்கே கேட்கும்படி சொன்னான். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். குபாத் மட்டும் சிரிக்கவில்லை. என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நீதான எடுத்த?"

"ஆமாண்ணே. வச்சது நீங்கதான? அவர்கிட்ட சொல்லட்டுமா?"

"சொல்லேன். தாள்ல உன் பேருதான இருக்கு."

வண்டியோடு கொடுக்கும் தாள். ட்யூனிங் செய்தவர்: பெகிமாய். இரண்டு வருடம் டீ போட்டு, பில் அடித்த பிறகு முதல்முறையாக என் பெயர். அதைப் படமெடுத்து அம்மாவுக்கு அனுப்பியிருந்தேன். அவள் சந்தையில் பக்கத்துக் கடைக்காரிகளுக்கெல்லாம் காட்டியிருக்கிறாள். எதற்கு அந்தத் தாராளம் என்று இப்போதுதான் புரிந்தது. இன்ஜின் வெடித்தால் வெடிக்க வைத்தவள் நான்.

நேராக எமில்பெக்கிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன், ரெசிஸ்டரைக் காட்டி. அவன் அதை விரலிடுக்கில் பிடித்து வெயிலில் பார்த்தான். எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது, ஒரு நொடி.

"இத்தனூண்டுதானா? இது இருந்தா ஜெயிக்குமா?"

கேட்டது என்னை அல்ல. குபாத்தை.

"ஜெயிக்கும்."

"இன்னொரு ரவுண்டு இருக்கு. மாட்டு."

என் பெயரை அடித்துவிடுங்கள் என்றேன். எமில்பெக் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டே, "எதுக்குத் தங்கச்சி, ஜெயிச்சா உனக்கும் பெருமைதான?" என்றான். குபாத் பானட்டுக்குள் குனிந்திருந்தார்.

கொடி இறங்கியது. கூட்டம் போட்ட கூச்சலில் இன்ஜினின் சத்தம் எனக்குக் கேட்கவே இல்லை. ஓடுதளத்தின் கோடியை நோக்கி வண்டி சிறுத்துக்கொண்டே போனது. அதன் பின்னால் தார் முழுக்கக் கானல் நெளிந்தது.