துஹாமியின் கட்டைவிரல்

ஃபெஸ் நகரத்துத் தோல் பதனிடும் தொட்டிகளில் துஹாமி குடும்பத்துக்கென்று ஒரு வழக்கம் இருந்தது. தோலை மிருதுவாக்கும் புறா எச்சம் கரைத்த தொட்டியில் ஊறும் ஆட்டுத்தோலை எப்போது வெளியே எடுப்பது என்பதை ஒரே ஒரு கைதான் சொல்லும். மூத்தவனின் கை, இப்போது துஹாமியின் கை. அவன் தோலைக் கிள்ளிப் பார்த்து, கட்டைவிரலை அழுத்திப் பார்த்து "எடு" என்றால் எடுக்க வேண்டும். வேறு யாராவது கையை விட்டுப் பார்த்தால் அது மூத்தவனை முகத்தில் அறைந்த மாதிரி. தம்பி லர்பிக்கு நாற்பது வயது தாண்டிவிட்டது. இடுப்பளவு தண்ணீரில் நின்று தோலை மிதிமிதியென்று மிதிப்பான். ஆனால் பதம் பார்க்க ஒரு விரல் வைத்ததில்லை.

அந்த மூத்த கை செத்துப்போய் இரண்டு வருடமாகிறது. அது துஹாமிக்கு மட்டும்தான் தெரியும்.

தோலின் மயிரை நீக்கும் சுண்ணாம்புத் தொட்டி அதைத் தின்றுவிட்டது. முதலில் விரல் நுனி மரத்தது, பிறகு விரல் முழுக்க. பட்டும் சாக்கும் அவனுக்கு ஒன்றாகிவிட்டன. ஆனாலும் துஹாமி கெட்டிக்காரன், உதட்டைக் கண்டுபிடித்தான். எல்லாரும் மதியத் தொழுகைக்குப் போன பிறகு ஒரு தோலைத் தூக்கி உதட்டில் ஒற்றுவான். பதம் வந்த தோல் உதட்டில் நிற்காமல் வழுக்கும். அந்த நாற்றத்தை உதட்டில் வைக்க எவனுக்கு மனசு வரும்? துஹாமிக்கு வந்தது. பதம் பார்க்கும் வேலை போய்விட்டால் தான் யார் என்று அவனுக்கே தெரியாது.

இந்த முறை தொட்டியில் கிடந்தது சும்மா தோல் இல்லை. செருப்பு வியாபாரி ஹாஜ் மெக்கி, தோல் பூ மாதிரி இருந்தால் இனி எல்லாப் பருவத்துக்கும் உங்களிடம்தான் வாங்குவேன் என்று வாக்குக் கொடுத்திருந்தார். அத்தனை தோல் வாங்கக் கையில் காசில்லை. லர்பி தன் கோவேறு கழுதையை விற்றான். சந்துகளில் தோல் சுமந்து அவன் வீட்டுக்கு ரொட்டி போட்டதே அதுதான். விற்ற அன்று அவன் மனைவி அடுப்பு மூட்டவில்லை. லர்பி மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னான், "அண்ணன் கை இருக்கறப்ப எனக்கென்ன பயம்?"

வியாழக்கிழமை கிழக்குக் காற்று கிளம்பியது. பாலைவனத்துச் சூட்டை வாரிக்கொண்டு வரும் காற்று. அது அடித்தால் எச்சத் தொட்டி கொதிக்கிற உலை மாதிரி வேலை செய்யும், தோல் சட்டென்று பதமாகிவிடும், அதற்கு மேல் கிடந்தால் அழுகிவிடும். மதியம் துஹாமி வழக்கம்போலப் பின்தங்கி ஒரு தோலை உதட்டருகே கொண்டுபோனான். பக்கத்துத் தொட்டி ஜிலாலி மறந்த பாயை எடுக்கத் திரும்பி வந்தவன் பார்த்துவிட்டான்.

"அடடா! துஹாமி, வீட்ல அண்ணி கோவிச்சுக்கிட்டாங்களா? ஆட்டுக்கு முத்தம் குடுக்கற!"

"போடா வாயாடி. ஈ மொய்ச்சுது, தொடச்சேன்."

"ஈ ஒதட்டுலயா மொய்ச்சுது?"

தோல் கை நழுவித் தொட்டிக்குள் விழுந்தது. உதடு எதையும் தொடவில்லை. சாயங்காலத்துக்குள் ஜிலாலி வழியாகத் தொட்டித் தொட்டியாகச் சிரிப்பு பரவிவிட்டது. துஹாமிக்கு உடம்பு கூசியது.

அந்த நேரம் பார்த்து ஹாஜ் மெக்கி வந்து சேர்ந்தார். அங்கியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தொட்டி விளிம்பில் நின்றார். ஜிலாலி கூட்டமும் வேலையை விட்டுவிட்டு வேடிக்கை பார்த்தது.

லர்பி தணிந்த குரலில் கேட்டான், "அண்ணே, காத்து இந்த அடி அடிக்குது. எடுத்துரலாமா?"

துஹாமி குனிந்து ஒரு தோலை எடுத்தான். உதடு துடித்தது. இத்தனை கண்ணுக்கு முன்னால் எப்படி? கட்டைவிரலை அழுத்தினான். எதையோ அழுத்தியது, அவ்வளவுதான் தெரிந்தது. பதம் வந்தால் விரல் தடம் நிற்கும்; அது பதிந்ததா என்று கண்ணால் தேடினான். அந்தி வெளிச்சத்தில் பதிந்த மாதிரியும் இருந்தது, பதியாத மாதிரியும் இருந்தது.

"இன்னும் வரல. காலைல எடுக்கலாம்."

"அண்ணே, கிழக்குக் காத்து..."

"தொட்டிக்கு நீ மூத்தவனா, நான் மூத்தவனாடா?"

லர்பி தொட்டியைவிட்டு விலகி நின்றான். ஹாஜ் மெக்கி தலையாட்டினார். "கைன்னா இப்படித்தான் இருக்கணும். அவசரமே இல்ல பாரு," என்றார்.

காலையில் லர்பிதான் முதலில் தொட்டியில் இறங்கினான். கையை விட்டுத் தூக்கினான். தோல் வந்தது, பாதி வந்தது, மீதி தண்ணீரில் ஊறிய ரொட்டியாகப் பிய்ந்து விழுந்தது. அடுத்ததும் அப்படியே. அதற்கடுத்ததும். லர்பி நிறுத்தவே இல்லை. அடியில் ஏதாவது ஒன்று பிழைத்திருக்கும் என்று துழாவிக்கொண்டே இருந்தான். துஹாமிக்கு அதைப் பார்க்க முடியவில்லை. தொட்டிக்குள் தானே விழுந்து கரைந்துபோனால் நன்றாயிருக்கும் என்று தோன்றியது.

ஹாஜ் மெக்கியின் ஆள் வந்து எட்டிப் பார்த்துவிட்டு அப்படியே திரும்பிப் போனான்.

லர்பி மேலே ஏறி வந்து விளிம்பில் உட்கார்ந்தான். "காத்துண்ணே. பாழாப்போன காத்து. நீ என்ன பண்ணுவ?"

துஹாமி வாயைத் திறந்தான். ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். பழி காற்றோடு போய்விடும்.

ஜிலாலி கெண்டியோடு வந்து புதினாத் தேநீர் ஊற்றினான். இன்று அவன் வாயில் கேலி இல்லை, அது இன்னும் மோசமாக இருந்தது. தேநீர் அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியது. லர்பி ஒரு தம்ளரை விளிம்பில் இரண்டு விரலால் பிடித்து அண்ணனிடம் நீட்டினான். துஹாமி அதை வாங்கி உள்ளங்கையும் விரலுமாகச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, தொட்டியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

கொஞ்ச நேரம் ஆனது. தம்ளர் இன்னும் கையிலேயே இருந்தது. ஆவி பறந்தது.

லர்பி பார்த்தான். தம்ளரைப் பார்த்தான், கையைப் பார்த்தான். பிறகு தன் கையை நீட்டி அதே தம்ளரைத் தொட்டான். சுரீரென்று சுட்டது, வெடுக்கென்று இழுத்துக்கொண்டான்.

"எப்பலேர்ந்துண்ணே?"

"ரெண்டு வருசமா."

"அப்ப இத்தன நாளா எப்படிப் பதம் பாத்த?"

துஹாமி உதட்டைத் தொட்டுக் காட்டினான். ஜிலாலி முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"நேத்து ஒதட்டுல வெச்சிருந்தா தெரிஞ்சிருக்குமா?"

"தெரிஞ்சிருக்கும்."

"எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே."

"சொன்னா பதம் பாக்கறது உன் கைக்குப் போயிரும்டா."

லர்பி கோபப்பட்டிருந்தால் துஹாமி தாங்கியிருப்பான். "எனக்கு எதுக்குண்ணே அது? என் கழுத இருந்துச்சே எனக்கு," என்றான் லர்பி.

பிறகு எழுந்து அழுகிய தோல்களை வாரிச் சாக்கில் அள்ளினான். அவற்றை ஊருக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்ட வேண்டும். சுமக்கக் கழுதை இல்லை. குனிந்து முதுகில் சாக்கை ஏற்றிக்கொண்டான். நாற்றத் தண்ணீர் அவன் கழுத்து வழியாக வழிந்தது.

"நானும் வரேன்டா. ஒரு பக்கம் புடிக்கிறேன்."

"வேண்டாம். உனக்குப் புடி தெரியாது," என்றான் லர்பி. குத்திக்காட்டிச் சொல்லவில்லை, உள்ளதைச் சொன்னான். படியேறிச் சந்துக்குள் போய்விட்டான்.

துஹாமி தம்ளரைக் கீழே வைத்தான். விரலெல்லாம் சிவந்து கொப்புளம் எழும்பியிருந்தது. கொஞ்சம் வலித்தால்கூடத் தேவலை என்று அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வலிக்கவில்லை.