ஒரு ஸ்டிக்கர்தானே?

மகளின் காய்ச்சலுக்காக இரண்டே நாள் லீவு போட்டுவிட்டு வந்தவளுக்கு, ஆய்வகக் கதவைத் திறந்ததும் பகீரென்றது. மேசைமேல் இருந்த செயற்கைக்கோளின் பக்கவாட்டில், தங்க நிறத்தில் பளபளவென்று நிறுவனத்தின் சின்னம். பிளாஸ்டிக் ஸ்டிக்கர்.

செருப்புப் பெட்டி அளவே இருக்கும் அந்தச் செயற்கைக்கோள் போகவேண்டிய இடம் அயனி மண்டலம். வெயில் பட்டுப் பட்டுக் காற்றே மின்னேற்றம் பெற்றுக் கிடக்கும் உயரம். அங்குள்ள மின்துகள்களை அளக்க, மெல்லிய கம்பி போன்ற உணரி ஒன்றை நான்கு வருடம் மல்லுக்கட்டிச் செய்தவள் அவள். அதனாலும், குத்திப் பேசும் அவள் வாயாலும் ஆய்வகத்தில் எல்லோருக்கும் அவள் ‘ஊசி’.

அந்த உணரிக்கு நான்கு விரல் தள்ளித்தான் ஒட்டியிருந்தார்கள். மேலே போனதும் பிளாஸ்டிக்கில் மின்னேற்றம் தேங்கும். அப்புறம் உணரி வானத்தை அளக்காது, ஸ்டிக்கரைத்தான் அளக்கும்.

“யாருண்ணே இந்த வேலைய பண்ணது?”

சால்டரிங் செய்யும் அண்ணன் தலை நிமிரவில்லை. “டைரக்டர் சொன்னாரும்மா. மத்தியானம் போட்டோ எடுக்க வராங்களாம். எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன்.”

விறுவிறுவென்று டைரக்டர் அறைக்குப் போனாள்.

“ஒரு ஸ்டிக்கர்தானேம்மா? அதுக்கு ஏன் இந்தக் குதி குதிக்கிற?”

“அது இருந்தா அளவெல்லாம் தப்பா வரும் சார்.”

“நம்ம பேரு வெளிய தெரிய வேண்டாமா?”

“ஐநூறு கிலோமீட்டர் உயரத்துல யார் சார் வந்து படிக்கப் போறாங்க?”

“போட்டோவுல படிப்பாங்க.”

சொல்லிவிட்டுப் போனைக் காதில் வைத்துக்கொண்டார்.

திரும்பி வந்தவள் கையுறையை மாட்டினாள். ஸ்டிக்கரை ஓரத்திலிருந்து மயிரிழை மயிரிழையாக உரித்தாள். பசையை ஆல்கஹாலில் துடைத்தெடுக்க இரண்டு மணி நேரம் ஆனது. அண்ணன் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

போட்டோக்காரரோடு வந்த டைரக்டர், “சின்னம் எங்க?” என்றார்.

“இத வெச்சு அனுப்புற காலிப் பெட்டி மேல ஒட்டிட்டேன் சார். போட்டோவுல நல்லா விழும்.”

போட்டோக்காரர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். டைரக்டரின் முகம் கறுத்தது. “ஏவுதளத்துக்கு நீ வர வேண்டாம்.”

ராக்கெட் கிளம்பியதை வீட்டில், டிவியில் பார்த்தாள். டைரக்டர் எல்லோருக்கும் கை கொடுத்துக்கொண்டிருந்தார். “நீ ஏம்மா போகல?” என்று மகள் கேட்டாள். டிவியை அணைத்தாள்.

மூன்றாம் வாரத்தில் முதல் அளவுகள் வந்தன. சூரியன் ஏற ஏறத் திரையில் கோடும் ஏறியது, சாய்ந்ததும் இறங்கியது. ஒரு பிசிறு இல்லை. அவள் கண் கலங்கிவிட்டது.

“இப்பவாவது ஆத்திரம் அடங்குச்சா?” என்றார் அண்ணன்.

“எங்கண்ணே அடங்கும்? நான் அன்னைக்கும் லீவுல இருந்திருந்தா?”

அன்று மாலையே ஒரு தாளை எடுத்துக்கொண்டு டைரக்டர் முன் போய் நின்றாள். அடுத்த செயற்கைக்கோளில், உணரி செய்பவரின் எழுத்துப்பூர்வ அனுமதி இல்லாமல் வெளிப்பக்கத்தில் எதையும் ஒட்டக் கூடாது என்று அதில் இருந்தது.

“பிரமாதமான டேட்டாம்மா! நாம எல்லாரும்...”

“கையெழுத்துப் போடுங்க சார்.”

அவர் பேனாவைத் தேடினார். போடும்வரை அவள் நகரவில்லை.