எட்டு வாரமும் ஏழு நிமிடமும்

கிளினிக் வாசலில் தன் மூஞ்சியே ஆளுயரத்துக்குத் தொங்குவதைப் பார்த்ததும் போட்டோக்காரிக்குக் கோபம் சுர்ரென்று தலைக்கேறியது. ஒன்றல்ல, இரண்டு மூஞ்சி. இடது பக்கம் நெற்றி நிறையக் கோடும் தொங்கிய கன்னமுமாக இருந்தவள் அவள்தான். வலது பக்கம் பத்து வயது குறைந்து சிரித்தவளும் அவளேதான். நடுவில் கொட்டை எழுத்தில், ‘கத்தி இல்லை, தையல் இல்லை, எட்டே வாரம்!’

எட்டு வாரமாவது மண்ணாங்கட்டியாவது! இரண்டு படமும் போன மாதம் ஒரே காலையில் ஏழு நிமிட இடைவெளியில் எடுத்தவை. அவள் முகத்தில் இதுவரை ஓர் ஊசிகூட ஏறியதில்லை.

ஊசியாலும் லேசராலும் சுருக்கம் போக்கும் அந்தக் கிளினிக்கில், வருகிறவர்களைப் படமெடுப்பதுதான் மூன்று வருஷமாக அவள் வேலை. ஆளுக்கு இரண்டு படம். முதல் படத்துக்கு முகத்தை உலரத் துடைத்து, உச்சந்தலைக்கு மேல் எரியும் வெள்ளை விளக்கின் கீழே உட்கார வைப்பாள். மோவாய் இறங்கியிருக்க வேண்டும், சிரிக்கக் கூடாது. அந்த வெளிச்சத்தில் பச்சைக் குழந்தைக்கும் கண்ணுக்கு அடியில் பள்ளம் விழும். சிகிச்சைக்குப் பிறகு எடுக்கும் படத்துக்குக் கிரீம் தடவி, மோவாயைத் தூக்கச் சொல்லி, நேர் எதிரே வளைய விளக்கைப் போடுவாள். அதன் முன்னால் யாருக்கும் கோடே தெரியாது. விளக்குகள் சரியாக எரிகின்றனவா என்று பார்க்க, தினமும் காலையில் அவளே ஸ்டூலில் உட்கார்ந்து தன்னை இரண்டு விதமாகவும் எடுத்துக்கொள்வாள். அந்தப் படங்களைத்தான் கேட்காமல் கொள்ளாமல் எடுத்து மாட்டியிருந்தார்கள்.

நேரே டாக்டரம்மாவின் அறைக்குள் நுழைந்தாள்.

"யாரைக் கேட்டு என் படத்த வாசல்ல மாட்டுனீங்க?"

"ஏன், நல்லாத்தானே வந்திருக்கு? உங்களுக்குப் பெருமைதானே!"

"நான் ஒரு ஊசியும் போட்டுக்கலையே!"

"அதுக்கென்ன, இனிமே போட்டுக்கிட்டாப் போச்சு. உங்களுக்கு ஃப்ரீ." டாக்டரம்மா கம்ப்யூட்டரிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை. எதைக் கேட்டாலும் பூசி மெழுகுவதற்கு இந்த அம்மாவிடம் ஒரு பதில் தயாராக இருக்கும்.

பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். காத்திருக்கும் பெண்களுக்கு நடுவே, கையில் படிவத்தோடு அவள் தங்கை உட்கார்ந்திருந்தாள்.

தங்கை துணிக்கடையில் முன் கவுண்ட்டரில் பதினோரு வருஷமாக நிற்கிறவள். போன வாரம் மேனேஜர், முன்னால் நிற்க ‘ஃப்ரெஷ்ஷான முகம்’ வேண்டுமென்று சொல்லி, அவளைப் பின்னாலிருக்கும் சரக்கறைக்குத் தள்ளியிருந்தான். போனில் அழுதாள். அந்த அழுகை அவளை இங்கே கொண்டுவந்து விடும் என்று அக்காவுக்குத் தோன்றவில்லை.

"நீ எங்கடி இங்க?"

"பேசாத. எட்டு வாரமா இதைப் பண்ணிட்டு எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? உன் படத்தைப் பார்த்துத்தான் எனக்கும் நம்பிக்கையே வந்துச்சு."

"என் மூஞ்சியப் பாருடி. கோடெல்லாம் அப்படியேதானே இருக்கு?"

"அது நீ கோபத்துல இருக்க. நெத்தியச் சுருக்காதக்கா, போட்டதெல்லாம் வீணாயிடும்."

எதிரே நிற்கிற மூஞ்சியை நம்பாமல் வாசலில் தொங்குகிற மூஞ்சியை நம்புகிறாளே! போட்டோக்காரி தங்கையின் கையைப் பிடித்துப் படம் எடுக்கும் அறைக்கு இழுத்துப் போனாள். கதவைச் சாத்தவில்லை. மேல் விளக்கில் ஒன்று, வளைய விளக்கில் ஒன்று என்று இரண்டு படம் எடுத்து, வெளியே இருப்பவர்களுக்கும் தெரியும்படி திரையைத் திருப்பினாள்.

"ரெண்டும் உன் மூஞ்சிதான். எந்த ஊசி வேலை செஞ்சுது, சொல்லு!"

தங்கை இரண்டு படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "மூணு வருஷமா இதையா செஞ்சுக்கிட்டிருந்த?"

"வேலைடி அது."

"உன் படத்த மாட்டுனதும் பொத்துக்கிட்டு வருதே கோபம். ஊர்ல உள்ளவங்க மூஞ்சியெல்லாம் எடுத்தப்ப அது எங்க போச்சு?"

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது. டாக்டரம்மா மேல் இருந்த கோபம் முழுவதும் திரும்பித் தன் மேலேயே பாய்ந்தது.

அதற்குள் சத்தம் கேட்டு டாக்டரம்மா வந்துவிட்டார். "என்ன கூத்து இது? எல்லாரும் காத்திருக்காங்க. அடுத்தவங்களைக் கூப்பிட்டு முதல் படத்த எடுங்க!"

"எடுக்கிறேன்."

கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி தயங்கித் தயங்கி உள்ளே வந்து உட்கார்ந்தார். போட்டோக்காரி மேல் விளக்கை அணைத்தாள். வளைய விளக்கைப் போட்டாள். "மோவாயைத் தூக்குங்கம்மா. நல்லாச் சிரிங்க."

படத்தை அச்செடுத்து, மேலே ‘சிகிச்சைக்கு முன்’ என்று பெரிதாக எழுதி அந்தப் பெண்மணியின் கையில் கொடுத்தாள். "பத்திரமா வச்சுக்குங்க. எட்டு வாரத்துல இதைவிட நல்லா ஆக்கிக் காட்டச் சொல்லுங்க."

அவர் படத்தைப் பார்த்தார், டாக்டரம்மாவைப் பார்த்தார், கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"நீங்க முதல்ல வெளிய போங்க! இனி இந்தப் பக்கம் வரவே வேணாம்!" டாக்டரம்மா போட்டோக்காரியைப் பார்த்துக் கத்திக்கொண்டே காவலாளியைக் கூப்பிட ஓடினார். தங்கை தன் படிவத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, கதவு சாத்திக்கொள்ளாமல் முதுகைக் கொடுத்து நின்றாள்.

காவலாளி கீழ்த்தளத்தில் இருந்தான். அவன் படியேறி வருவதற்குள் இன்னும் இரண்டு மூன்று பேரையாவது எடுத்துவிடலாம்.

"அடுத்து யாரு? வாங்க" என்றாள் போட்டோக்காரி.